பெரியப்பாவின் நீள நோட்டு: இந்தியாவில் ஒரு குடும்ப அறக்கட்டளையின் வாடகைக் கணக்கை மீட்டெடுத்த 14 மாதங்கள்

2022 ஆகஸ்டில் பெரியப்பா மறைந்த மூன்றாவது வாரம், பெரியம்மா என்னை அழைத்து ஒரு துணிப்பையைக் கொடுத்தார். ரப்பர் பேண்டு சுற்றிய நீள நோட்டு ஒன்று, பில் குத்தும் கம்பியில் கோத்த ரசீதுகள், வாடகை ஒப்பந்தங்கள், ஒரு சாவிக்கொத்து ஆகியவை அதில் இருந்தன. தாத்தா 2004-இல் பதிவுசெய்து வைத்த குடும்ப அறக்கட்டளையின் 18 ஆண்டுக் கணக்கு முழுவதும் அந்தப் பைக்குள் அடங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு அடுத்த அறங்காவலராகப் பத்திரத்தில் என் பெயர் இருந்தது. இரண்டு மாலைகள் உட்கார்ந்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். அது முடிய 14 மாதங்கள் ஆயின.

அறக்கட்டளைக்கு உள்ள சொத்து ஒரே ஒரு கட்டடம். தரைதளத்தில் 2 கடைகள், முதல் மாடியில் ஒரு நிறுவனத்தின் அலுவலகம், அதற்கு மேல் ஒரு வீடு. வருமானம் தாத்தாவின் மூன்று பிள்ளைகளின் வழிகளுக்கும் சமப் பங்காகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியப்பாவும் அத்தையும் அறங்காவலர்கள்; ஆனால் வேலை முழுவதையும் பார்த்தவர் பெரியப்பா. அவர் காட்டிய இடத்தில் அத்தை கையெழுத்துப் போட்டார். பெரியப்பா ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாதவர் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அவர் உயிரோடிருந்தவரை, யார் எதைக் கேட்டாலும் நோட்டைப் புரட்டி அவரால் பதில் சொல்ல முடிந்தது. அவர் போன பிறகு அந்த நோட்டு யாருக்கும் பதில் சொல்லவில்லை.

முதல் அடி என் தங்கையிடமிருந்து வந்தது. ஒப்பந்தங்களின்படி 3 ஆண்டுகளில் வந்திருக்க வேண்டிய வாடகையையும், நோட்டிலும் ரசீதுகளிலும் விளங்கக்கூடியதாக இருந்த வரவு செலவையும், மூன்று வழிகளுக்கும் வந்து சேர்ந்த தொகையையும் அவள் ஒரு தாளில் கூட்டிக் கழித்து எடுத்து வந்தாள். "அண்ணா, 4,12,000 ரூபாய்க்கு விளக்கம் இல்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை, கணக்கைக் காட்டுங்கள்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இறந்தவர் மேல் பழி போடுகிறாளே என்று இரண்டு நாள் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை. பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனபோது, 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். அறக்கட்டளைச் சொத்துக்குத் தெளிவான, துல்லியமான கணக்கு வைத்திருப்பதும், பயனாளி கேட்கும்போது நியாயமான எந்த நேரத்திலும் சொத்தின் அளவையும் நிலையையும் பற்றிய முழுத் தகவலைக் கொடுப்பதும் அறங்காவலரின் கடமை. அவள் கேட்டது உதவியுமில்லை, பழியுமில்லை. அது அவளுடைய உரிமை. அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, முந்தைய அறங்காவலரின் செயலுக்கோ தவறுக்கோ அடுத்து வருபவர் வெறுமனே அந்தப் பொறுப்பில் அமர்ந்த காரணத்தால் ஆளாக மாட்டார் என்பதைக் கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் 12-ஆம் பிரிவு, புதிதாகப் பொறுப்பேற்பவர் கூடிய விரைவில் சொத்தின் தன்மையையும் நிலையையும் அறிந்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆகவே "பழைய கதை எனக்குத் தெரியாது" என்று ஒதுங்கிவிட வழியில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பை ஏற்குமுன் அறக்கட்டளைப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். நான் அதைப் படித்தது பொறுப்பேற்று 40 நாட்கள் கழித்து. ஆண்டுதோறும் மார்ச் 31-இல் கணக்கை முடித்து 3 மாதங்களுக்குள் பயனாளிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், நிகர வாடகையில் 10 சதவீதத்தைக் கட்டடப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்க வேண்டும் என்றும் தாத்தா எழுதியிருந்தார். 18 ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒருமுறைகூட நடந்ததாகத் தெரியவில்லை.

கணக்கை நான் தொடங்கிய விதமே தவறு. நோட்டின் முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். "மாடி - வந்தது", "கீழ் கடை பாதி", "மோட்டார் 6,200" என்று இருந்தனவே தவிர, பல பக்கங்களில் மாதம் மட்டும் இருந்தது, ஆண்டு இல்லை. இரண்டு மாதங்களை இப்படி வீணாக்கிய பிறகுதான் ஆடிட்டரிடம் போனேன். "நோட்டை மூடி வையுங்கள். வங்கி அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். வங்கி தேதியை மறக்காது" என்றார். 18 ஆண்டுகளையும் தோண்ட வேண்டாம், 2019-20 முதல் 2021-22 வரையிலான 3 நிதியாண்டுகளை முழுமையாக எழுதி, அதற்கு முந்தைய நிலையைத் தொடக்க இருப்பாகக் காட்டி, பயனாளிகள் மூவரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். உங்களுக்கு இப்படி ஒரு நிலை வந்தால், எங்கே நிறுத்துவது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வங்கி அறிக்கை என்றதும் அடுத்த சிக்கல் வந்தது. அறக்கட்டளையின் பெயரில் வங்கிக் கணக்கே இல்லை. வாடகை எல்லாம் பெரியப்பாவின் சொந்தச் சேமிப்புக் கணக்கிலேயே விழுந்திருந்தது. அவருடைய ஓய்வூதியமும் அதிலேயே வந்தது. அவர் மறைந்தபோது அந்தக் கணக்கில் இருந்த வாடகைப் பணம் 2,30,000 ரூபாய், நியமனதாரர் என்ற முறையில் பெரியம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. கணக்கில் இருந்த பணத்தில் எவ்வளவு அறக்கட்டளையுடையது என்று அவரிடம் போய்க் கேட்டதுபோல் சங்கடமான வேலையை நான் வாழ்நாளில் செய்ததில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. வங்கியில் விண்ணப்பித்து 3 ஆண்டு அறிக்கையை வாங்கித் தந்தார், காசோலை எழுதித் தந்தார், உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அறக்கட்டளைக்கென்று தனி பான் எண்ணும், அதைக்கொண்டு அறக்கட்டளையின் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பான் எண்ணின் நான்காவது எழுத்து, அது யாருடையது என்பதைச் சொல்லும். தனிநபருக்கு 'பி' (P), அறக்கட்டளைக்கு 'டி' (T). உங்கள் குடும்ப அறக்கட்டளையின் வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பான் எண்ணின் நான்காவது எழுத்தை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்களுடையதில் 'பி' இருந்தது. அதற்குக் கொடுத்த விலையைச் சொல்கிறேன். முதல் மாடி நிறுவனத்தின் மாத வாடகை 45,000 ரூபாய். ஆண்டு வாடகை அப்போதைய வரம்பான 2,40,000-ஐத் தாண்டியதால் அவர்கள் 10 சதவீதத்தை டி.டி.எஸ். (பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) ஆகப் பிடித்துக்கொண்டு 40,500 அனுப்பி வந்தார்கள். (2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு மாதம் 50,000 ரூபாய்.) பிடித்த வரி பெரியப்பாவின் பான் எண்ணில் போய்ச் சேர்ந்தது. அவருடைய 26ஏஎஸ் படிவத்தில் (ஒருவர் பெயரில் பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் அறிக்கை) அது கேட்பாரற்றுக் கிடந்தது. தன் கணக்கில் அவர் அதைக் கோரவில்லை. அதைவிட வேடிக்கை, 2020 மே மாதம் முதல் வங்கியில் 41,625 ரூபாய் வரத் தொடங்கியதுதான். மாதம் 1,125 கூடுதல். வாடகையை உயர்த்திவிட்டு எங்களுக்குச் சொல்லவில்லையோ என்று தங்கை கேட்டாள்; எனக்கும் ஒரு கணம் தடுமாறியது. மூன்று வாரம் கழித்து ஆடிட்டர் சிரித்துக்கொண்டே விடை சொன்னார். கொரோனா காலச் சலுகையாக 2020 மே 14 முதல் 2021 மார்ச் 31 வரை வாடகைக்கான டி.டி.எஸ். விகிதம் 10-இலிருந்து 7.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. 45,000-க்கு 7.5 சதவீதம் 3,375, மீதி 41,625. வாடகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பிடித்த வரி 54,000, 41,625, 54,000 என்று மொத்தம் 1,49,625 ரூபாய். நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு நடையாய் நடந்ததில், கடைசி ஆண்டுக்கு மட்டும் பான் எண்ணை மாற்றித் திருத்த அறிக்கை கொடுக்கச் சம்மதித்தார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். 95,625 ரூபாய் போனது போனதுதான். கற்றுக்கொண்டது இதுதான்: வாடகைக் கணக்கில் கைக்கு வந்த தொகையை எழுதாதீர்கள். முழு வாடகையை வரவாகவும், பிடித்த வரியை வர வேண்டிய தொகையாகவும் இரண்டு வரியாக எழுதுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை வரி பிடித்ததற்கான சான்றிதழைக் (அப்போது படிவம் 16ஏ) கேட்டு வாங்கி, உங்கள் பெயரில் சேர்ந்த வரியைக் காட்டும் அறிக்கையுடன் (அப்போது 26ஏஎஸ்) ஒப்பிடுங்கள். பெரியப்பா 40,500 என்று ஒரே வரியாக எழுதியதால், பிடித்த வரி யாருடைய கண்ணிலும் படாமலேயே போயிற்று.

கடைகளின் வாடகையில் வேறொரு ஓட்டை இருந்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்ததால், இரண்டு கடைக்காரர்களிடமும் பாதி வாடகை வாங்கினால் போதும் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். மாதம் 12,500 வீதம் 2 கடைகளுக்கு 4 மாதங்கள், ஆக 1,00,000 ரூபாய். இதற்குத் தீர்மானமும் இல்லை, கடிதமும் இல்லை, அத்தைக்கே தெரியவில்லை. நல்ல வேளையாக ஒரு கடைக்காரர், பெரியப்பா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தார். "கடை திறக்கும்வரை பாதி கொடுங்கள், மற்றவருக்கும் சொல்லிவிடுங்கள்" என்ற அந்த ஒரு வரிதான் 1,00,000 ரூபாய்க்குச் சான்று. வாடகையைத் தள்ளுபடி செய்வது நல்ல மனதின் செயலாக இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் பயனாளிகளுடையது. பத்திரம் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஒன்றுக்கு மேற்பட்ட அறங்காவலர்கள் இருந்தால் எல்லாரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும் என்பது சட்டத்தின் 48-ஆம் பிரிவு. இப்போது எங்களிடம் ஒரு தீர்மானப் புத்தகம் இருக்கிறது. அரைப் பக்கம் போதும்: தேதி, என்ன முடிவு, ஏன், யார் யார் கையெழுத்து.

என்னை மிகவும் அலைக்கழித்தது ஓர் எழுத்து. நோட்டில் மூன்று இடங்களில் "ச. 40,000" என்று இருந்தது. சம்பளமா? யாருக்கு? சரிசெய்தலா? ஏதேனும் ஒரு பெயரின் முதலெழுத்தா? 1,20,000 ரூபாயை ஓர் எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? கம்பியில் இருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாகிவிட்டன. வெப்பத்தில் அச்சாகும் தாள் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும். பில் இருந்தது, எழுத்து இல்லை. சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தும் தேதிகூடத் தெரியவில்லை. ஒருநாள் நோட்டின் பின்னட்டையில் பென்சிலில் கிறுக்கியிருந்த எண்ணுக்குப் பேசிப் பார்த்தேன். எடுத்தவர் ஒரு கொத்தனார். "உங்க பெரியப்பாதானே, மூணு பக்கமும் சன்ஷேடு கம்பி துருப்பிடிச்சு காரை கொட்டுதுன்னு கூப்பிட்டாரு. பக்கத்துக்கு நாப்பதாயிரம்" என்றார். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் அனுப்பினார். கட்டடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். மூன்று சன்ஷேடுகளும் மற்ற சுவரைவிடச் சற்று வெளிறிய நிறத்தில், ஒழுங்காக, விரிசலின்றி இருந்தன. அங்கேயே நின்று அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது பில் கைக்கு வந்த அன்றே கைப்பேசியில் படம் பிடித்துவிடுகிறேன். கோப்பின் பெயரிலேயே தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பவை இருக்கும். கொத்தனார், பிளம்பர் போன்றோர் பில் தருவதில்லை. அவர்களுக்கென்று ஒரு செலவுச் சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறேன், பணம் கொடுக்கும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். வாடகை வருமானத்தைக் கணக்கிடும்போது பழுதுபார்ப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவானாலும் கழிவு ஒன்றுதான். செலுத்திய சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் தானாகக் கழியும். அப்படியானால் பில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பில் வரித்துறைக்காக மட்டும் அல்ல, பயனாளிகளுக்காக. தவிர, புதிதாக ஓர் அறை கட்டுவதுபோல் கட்டடத்தையே மேம்படுத்தும் செலவு, பின்னாளில் சொத்தை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் (விற்ற லாபத்தைக் கணக்கிடுவதில்) வரும். ஆகவே அந்த பில்களை மட்டும் தனிக் கோப்பில், விற்கும் நாள் வரை வைத்திருக்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் என் சொந்தப் பணம் போனது. 2023 ஜனவரியில் ஒரு கடைக்காரர் காலி செய்தார். நோட்டில் அவருடைய அட்வான்ஸ் 2,50,000 என்று இருந்தது; அவர் 3,00,000 என்றார். 2,50,000-க்கு ரசீது காட்டினார், பிறகு 50,000 ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்பவராக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எனக்குத் தோன்றியதை வைத்து அறக்கட்டளைப் பணத்தை எடுத்துக் கொடுக்க முடியாது. அந்த 50,000-ஐ நானே கொடுத்து முடித்தேன். அட்வான்ஸ் வருமானமல்ல, திருப்பித் தர வேண்டிய கடன் என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் காட்டும் ஆண்டுக் கணக்குத் தாளில்) அது பொறுப்புகள் பக்கம் நிற்க வேண்டும். வாடகைதாரர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் வைத்து, அட்வான்ஸ் தொகையை ஆண்டுக்கு ஒருமுறை அவருக்கு எழுத்தில் அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தத் தொகையை நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள். எங்களுடைய அட்வான்ஸ் மொட்டைமாடித் தளம் போட்ட செலவில் கரைந்திருந்தது. காலி செய்தவருக்குக் கொடுக்க, மூன்று மாதப் பங்கைப் பயனாளிகளுக்கு நிறுத்த வேண்டியதாயிற்று.

வருமான வரியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பத்திரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துதான் எல்லாம். எங்களுடையதில் பங்கு வரையறுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு பயனாளியின் பங்கும் அவருடைய வருமானமாகவே கொள்ளப்படும். பங்கைத் தீர்மானிப்பது அறங்காவலரின் விருப்பம் என்று பத்திரத்தில் இருந்தால், பொதுவாக மிக உயர்ந்த விகிதத்தில் வரி விழும். எங்கள் வீட்டில் மாதாமாதம் வந்த பணத்தை "பெரியப்பா கொடுத்தது" என்று நினைத்து யாரும் கணக்கில் காட்டவில்லை. 2022-இல்தான் அறிமுகமாகியிருந்த புதுப்பிக்கப்பட்ட வருமான வரி அறிக்கையை 2023 மார்ச் 31-க்குள் தாக்கல் செய்து, முதல் ஆண்டுக்கு வரி, வட்டியின் மேல் 50 சதவீதமும், அடுத்த ஆண்டுக்கு 25 சதவீதமும் கூடுதலாகக் கட்டினோம். அந்த வாரம் குடும்பத்தில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது நடைமுறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வங்கி அறிக்கையையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டும் பட்டியல் போட்டுவிடுகிறேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை மூன்று வழிகளுக்கும் ஒரு பக்க அறிக்கை போகிறது. என் பெட்ரோல் செலவைக்கூட எழுதித்தான் எடுக்கிறேன். முறையான செலவை அறக்கட்டளைச் சொத்திலிருந்து திரும்பப் பெற 32-ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் பத்திரத்தில் சொல்லாதவரை உழைப்புக்கு ஊதியம் கிடையாது என்கிறது 50-ஆம் பிரிவு. 14 மாத ஞாயிற்றுக்கிழமைகள் அந்த 50-ஆம் பிரிவின் கீழ் போயின என்று தங்கையிடம் ஒருமுறை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆடிட்டருக்குக் கொடுத்த 60,000 ரூபாய் அறக்கட்டளைச் செலவாக எழுதப்பட்டது.

2023 நவம்பரில் கணக்கை மூவர் முன்னிலையிலும் வைத்தேன். விளக்கம் இல்லாத 4,12,000-இல் டி.டி.எஸ். 1,49,625, ஊரடங்குத் தள்ளுபடி 1,00,000, சன்ஷேடு 1,20,000, தேடி எடுத்த சில்லறை பில்கள் 24,975. மீதி 17,400 ரூபாய்க்கு எங்கு தேடியும் சான்று கிடைக்கவில்லை. அதை நானே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். தங்கை வேண்டாம் என்றாள்; இல்லாத விளக்கத்தை எழுதவும் வேண்டாம், அனாமத்துக் கணக்கில் (விளக்கம் கிடைக்காத தொகையை நிறுத்தி வைக்கும் கணக்கு) அப்படியே இருக்கட்டும் என்றாள். அத்தை வயதின் காரணமாக விலகிய பிறகு அவளும் இப்போது என்னோடு ஓர் அறங்காவலர். ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் கடைசி வரியாக அந்த 17,400 வருகிறது. பக்கத்தில் நாங்கள் இருவரும் சுருக்கொப்பம் இடுகிறோம்.